பிஎச்பி மெயிலர்: தமிழில் மெயில் அனுப்பும் வலைத்தளங்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பிஎச்பியில் எழுதிய வலைச் செயலியிலிருந்து ஓடிபி, ரசீது, பாஸ்வேர்ட் மாற்றும் இணைப்பு, தொடர்புப் படிவத்தில் வந்த கேள்வி என்று எதையாவது மெயிலாக அனுப்ப வேண்டியிருந்தால், முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய லைப்ரரி பிஎச்பி மெயிலர். 2001இல் தொடங்கிய திட்டம் இது. இன்னும் பராமரிப்பில் இருக்கிறது. வேர்ட்பிரஸ் தன் மெயில்களை அனுப்புவதும் இதை வைத்துத்தான். விலை இல்லை. எல்ஜிபிஎல் 2.1 உரிமம் என்பதால் வாடிக்கையாளருக்குச் செய்து கொடுக்கும் மூடிய செயலிகளிலும் தாராளமாகச் சேர்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கடிதத்தை ஒழுங்காக எழுதி, உறையிலிட்டு, முகவரி ஒட்டி, தபால் பெட்டியில் போடும் வேலையை இது மிக நன்றாகச் செய்கிறது. கடிதம் வீடு போய்ச் சேர்ந்ததா என்பது இதன் கையில் இல்லை. "மெயில் போகவில்லை" என்று இதன் தலையில் விழும் பழிகளில் பல, உண்மையில் டிஎன்எஸ் (டொமைனின் விவரங்களை உலகுக்குச் சொல்லும் அமைப்பு) பதிவிலோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் தடுப்பிலோ அனுப்புநர் முகவரியைத் தவறாக வைத்ததிலோ பிறப்பவை. தமிழில் மெயில் அனுப்புபவர்கள் இதன் இயல்பு அமைப்பில் இரண்டு இடங்களை மாற்றியே ஆக வேண்டும். அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

பிஎச்பியிலேயே மெயில் என்றொரு ஃபங்ஷன் இருக்கும்போது இது எதற்கு? அந்த ஃபங்ஷன் கடிதத்தை அதே சர்வரில் இருக்கும் சென்ட்மெயில் போன்ற நிரலிடம் நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். விண்டோஸ் கணினியில் எக்ஸாம்ப் போட்டு எழுதிப் பழகுபவருக்கு அப்படி ஒரு நிரல் தயாராக இருக்காது. சர்வரில் இருந்தாலும் தலைப்பு வரிகள், இணைப்புக் கோப்புகளின் எல்லைக்கோடுகள், எழுத்து மாற்றம் என எல்லாவற்றையும் கையால் கட்ட வேண்டும். ஒரு வரிமுறிவு தவறினால் படிவம் வழியாக யாரோ ஒருவர் கூடுதல் பெறுநர்களை நுழைத்துவிடலாம். பிஎச்பி மெயிலர் இந்த வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறது. தலைப்புகளிலும் முகவரிகளிலும் நுழையும் வரிமுறிவுகளை நீக்கிவிடுகிறது. எஸ்எம்டிபி (மெயில் அனுப்புவதற்கான நெறிமுறை) வழியாக வெளி மெயில் சர்வருடன் நேரடியாகப் பேசவும் தெரியும்.

நிறுவுவதும் முதல் மெயிலும்

கம்போசர் (பிஎச்பி லைப்ரரிகளை நிறுவும் கருவி) இருந்தால் ஒரே கட்டளை. பிஎச்பிமெயிலர் என்ற பெயரையே சாய்கோட்டின் இரு பக்கமும் எழுதி ரிக்வயர் கொடுத்தால் வந்துவிடும். கம்போசர் இல்லாத பழைய ஹோஸ்டிங் என்றால் எஸ்ஆர்சி கோப்புறையிலிருந்து எக்ஸப்ஷன், பிஎச்பிமெயிலர், எஸ்எம்டிபி ஆகிய மூன்று கோப்புகளை மட்டும் எடுத்து வைத்து ரிக்வயர் செய்தால் போதும். அதற்கு முன் சர்வரில் ஓபன்எஸ்எஸ்எல், எம்பிஸ்ட்ரிங் ஆகிய இரண்டு நீட்சிகளும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். முதலாவது இல்லாமல் பூட்டிய, அதாவது மறையாக்கம் செய்த இணைப்பு கிடையாது. இரண்டாவதைக் கட்டாயம் என்று கம்போசர் சொல்வதில்லை, பரிந்துரை என்றுதான் சொல்லும். தமிழுக்கு அது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளை உருவாக்கும்போது அடைப்புக்குறிக்குள் ட்ரூ கொடுங்கள். அப்போதுதான் பிழை வந்தால் எக்ஸப்ஷனாக எறியும். கொடுக்காவிட்டால் சென்ட் மெத்தட் ஃபால்ஸ் என்று மட்டும் திருப்பும். அதைச் சோதிக்க மறந்த நிரலில் மெயில் சத்தமில்லாமல் தொலையும்.

அடுத்து ஈஸ்எஸ்எம்டிபியை அழைக்க வேண்டும். இதை விட்டால் லைப்ரரி பழைய மெயில் ஃபங்ஷனையே பயன்படுத்தும். கீழே எழுதிய ஹோஸ்ட், பாஸ்வேர்ட் எல்லாம் வீண். பிறகு ஹோஸ்டில் மெயில் சர்வரின் பெயர், எஸ்எம்டிபிஆத்தில் ட்ரூ, யூசர்நேம், பாஸ்வேர்ட். பாஸ்வேர்டை நிரலுக்குள் எழுதாதீர்கள். சூழல் மாறியிலோ தளத்தின் பொதுக் கோப்புறைக்கு வெளியே உள்ள கோப்பிலோ வைத்துப் படியுங்கள். கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஒரு முறை ஏறிய பாஸ்வேர்ட், வரியை அழித்த பிறகும் வரலாற்றில் இருக்கும்.

போர்ட்டும் பூட்டும் (எஸ்எம்டிபிசெக்யூர் என்ற அமைப்பு) ஜோடியாக வர வேண்டியவை. 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எம்டிபிஎஸ். 587இல் இணைப்பு முதலில் திறந்தபடி தொடங்கி, இரு பக்கமும் ஒப்புக்கொண்ட பின் பூட்டிக்கொள்ளும். 465இல் முதல் பைட்டிலிருந்தே பூட்டு. 465இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் வைத்தால் சர்வர் பூட்டும் பேச்சை எதிர்பார்க்கும், லைப்ரரி சர்வரின் வரவேற்பு வரியை எதிர்பார்க்கும். இரண்டும் பேசாமல் நிற்க, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். இயல்பான காத்திருப்பு நேரம் 300 வினாடி என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். பயனர் எதிரே காத்திருக்கும் பக்கத்துக்கு அது மிக அதிகம். டைம்அவுட்டை 10 அல்லது 15க்குக் குறைத்துவிடுவது நல்லது.

மீதி எளிது. செட்ஃப்ரமில் அனுப்புநர், ஆட்அட்ரெஸில் பெறுநர், சப்ஜெக்டில் பொருள் வரி, ஈஸ்எச்டிஎம்எல் ட்ரூ, பாடியில் எச்டிஎம்எல் உடல், ஆல்ட்பாடியில் அதே செய்தியின் வெற்று உரை, கடைசியில் சென்ட். ஆல்ட்பாடியை நிரப்பாமல் விடாதீர்கள். வெற்று உரை மட்டும் காட்டும் மெயில் நிரல்களுக்கும் சில திரை வாசிப்பான்களுக்கும் அதுதான் கடிதம். படிவத்தில் வந்த பெயரையோ செய்தியையோ எச்டிஎம்எல் உடலில் சேர்க்கும்போது எச்டிஎம்எல் குறிகளைச் செயலிழக்கச் செய்த பிறகே சேர்க்க வேண்டும். தலைப்பு வரிகளைக் காக்கும் லைப்ரரி, உடலுக்குள் நீங்கள் போடுவதைத் தொடாது.

தமிழ் எழுத்து: மாற்ற வேண்டிய இரண்டு இடங்கள்

இந்த லைப்ரரியின் இயல்பான கேர்செட் (எழுத்து அட்டவணை) இன்னமும் ஐஎஸ்ஓ-8859-1. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய அட்டவணை அது. உங்கள் நிரல் கோப்பு எல்லா மொழிகளுக்குமான யுடிஎஃப்-8இல் இருக்கும், தரவுத்தளமும் யுடிஎஃப்-8. ஆனால் கடிதத்தின் தலையில் "இது 8859-1" என்று சீட்டு ஒட்டி அனுப்பிவிடும். பெறுபவரின் மெயில் நிரல் அந்தச் சீட்டை நம்பி வாசிக்கும்.

விளைவை ஒரு முறை பார்த்தால் மறக்காது. தமிழ்க் குறியீட்டுப் புள்ளி (யூனிகோடில் தனி எண் பெற்ற எழுத்தோ, கால், கொம்பு, புள்ளி போன்ற குறியோ) ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட். அவற்றின் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டே மதிப்புகளில் ஒன்று. 8859-1 அட்டவணையில் முதல் பைட், தலைமேல் சாய்ந்த கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ. இரண்டாவது, வட்டத்துக்குள் ஆர் என்ற வணிகக் குறி அல்லது மேலே மிதக்கும் ஒரு சிறு கோடு. ஆகவே கோடுபோட்ட ஏயும் வட்ட ஆரும் மாறி மாறி வரிசையாக நிற்கும் மெயிலைப் பார்த்தால், தரவு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். சீட்டுதான் தவறு. கேர்செட்டில் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. இது இன்றும் இயல்பு அமைப்பாக இல்லாமல் இருப்பதுதான் இந்த லைப்ரரிமேல் நாங்கள் வைக்கும் முதல் குறை. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் தமிழில் புதிதாக எழுத வருபவர் ஒவ்வொருவரும் இந்தக் கல்லில் இடறுகிறார்.

இரண்டாவது இடம் என்கோடிங், அதாவது அனுப்புவதற்காக உடலை மாற்றி எழுதும் முறை. இயல்பாக இது 8பிட். எஸ்எம்டிபி நெறிமுறையில் ஒரு வரி 998 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி. நிரலால் உருவாக்கிய எச்டிஎம்எல் பல நேரம் ஒரே நீள வரியாக இருக்கும். தமிழில் ஒரு வரியில் 332 குறியீட்டுப் புள்ளிகள் வந்தாலே 998 பைட்டை நெருங்கிவிடும். வரி அதைத் தாண்டியதும் பிஎச்பி மெயிலர் தானாகவே கோட்டட்-பிரின்டபிள் முறைக்கு மாறிக்கொள்ளும். கடிதம் உடையாது, ஆனால் பருத்துவிடும்.

"வணக்கம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என 7 குறியீட்டுப் புள்ளிகள், 21 பைட். கோட்டட்-பிரின்டபிளில் ஒவ்வொரு பைட்டும் சமக்குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். 21 பைட் 63 ஆகும். பேஸ்64இல் 3 பைட்டுக்கு 4 எழுத்து; 21 பைட் 28 ஆகும். ஆங்கிலக் கடிதத்துக்குக் கோட்டட்-பிரின்டபிள் சிக்கனம், தமிழுக்கு அது மும்மடங்குச் செலவு. என்கோடிங்கில் பேஸ்64 என்று எழுதிவிடுங்கள்.

பொருள் வரிக்கும் இதே போல ஒரு விஷயம் உண்டு. தலைப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைப் பொதியும்போது ஒவ்வொரு பொதியும் 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும். யுடிஎஃப்-8, பேஸ்64 என்று சொல்லும் குறிகளுக்கே 12 போய்விடும். மிச்சத்தில் அடங்குவது 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறியீட்டுப் புள்ளிகள். "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது" என்ற சாதாரண வரியே இடைவெளிகளோடு 93 பைட். குறைந்தது மூன்று பொதி ஆகும். எழுத்து எங்கே முடிகிறது என்று பார்த்து வெட்டுவதற்குத்தான் எம்பிஸ்ட்ரிங் வேண்டும். அது இல்லாத சர்வரில் பைட் கணக்கில் வெட்டு விழும். எல்லாமே 3 பைட்டாக இருக்கும்வரை தற்செயலாகச் சரியாக அமையும். நடுவே 1 பைட் இடைவெளி ஒன்று வந்ததும் கணக்கு நகர்ந்து, ஓர் எழுத்தின் பாதி இந்தப் பொதியிலும் மீதி அடுத்ததிலும் விழும். பொருள் வரியின் நடுவில் மட்டும் கேள்விக்குறி பதித்த கறுப்பு வைரம் தோன்றுகிறது, உடல் சுத்தமாக இருக்கிறது என்றால் காரணம் இதுதான்.

முகவரியிலேயே தமிழ் வந்தால்? டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் எனத் தமிழ் எழுத்தில் மேல்நிலை டொமைன்கள் உண்டு. அட் குறிக்கு வலப்பக்கம் தமிழ் இருந்தால், இன்டில், எம்பிஸ்ட்ரிங் இரண்டு நீட்சிகளும் இருக்கும் சர்வரில் லைப்ரரியே அதைப் புனிகோடாக (ஆங்கில எழுத்துகளில் எழுதும் வடிவம்) மாற்றிக்கொள்ளும். இடப்பக்கமும் தமிழ் என்றால் அனுப்பும் சர்வரும் பெறும் சர்வரும் அதற்கு இணங்க வேண்டும். பயனர் பதிவில் அத்தகைய முகவரியை ஏற்பதற்கு முன் உங்கள் சர்வரில் அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

தொடர்புப் படிவம் என்ற பொறி

இந்த லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. படிவத்தில் ஒருவர் தன் யாஹூ முகவரியை எழுதுகிறார். நிரலாளர் அதை அப்படியே செட்ஃப்ரமில் போடுகிறார். "அவரிடமிருந்துதானே வருகிறது, பதில் அழுத்தினால் அவருக்குத்தானே போக வேண்டும்" என்ற எண்ணம். ஆனால் அந்தக் கடிதத்தை அனுப்புவது யாஹூ அல்ல, உங்கள் சர்வர். தன் பெயரில் வெளியார் அனுப்பும் கடிதங்களை நிராகரிக்கும்படி 2014 ஏப்ரலிலேயே யாஹூ டிமார்க் பதிவில் (தன் பெயரில் வரும் போலிக் கடிதங்களை என்ன செய்வது என்று டொமைன் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) அறிவித்துவிட்டது. பெறும் சர்வர் அதைப் பார்த்துக் கடிதத்தைத் திருப்பும். சோதனைக்கு வேறு முகவரி கொடுத்தபோது வந்தது, நேரலையில் சிலருடையது மட்டும் வரவில்லை என்ற புதிருக்கு விடை இது.

சரியான முறை: செட்ஃப்ரமில் எப்போதும் உங்கள் சொந்த டொமைனின் முகவரி. பார்வையாளரின் பெயரை வேண்டுமானால் அதன் காட்சிப் பெயரில் சேர்க்கலாம். அவருடைய முகவரி போக வேண்டிய இடம் ஆட்ரிப்ளைடு. பதில் அழுத்தினால் அவருக்கே போகும்.

இதே பழக்கம்தான் இந்த லைப்ரரியின் வரலாற்றிலேயே மோசமான பாதுகாப்பு ஓட்டைக்கும் வழி திறந்தது. 2016 டிசம்பரில் வெளியான அந்த ஓட்டையின் எண் சிவிஇ-2016-10033. செட்ஃப்ரமில் வைக்கும் முகவரியே உறையின் அனுப்புநராகவும் ஆகும். எஸ்எம்டிபி இல்லாமல் மெயில் ஃபங்ஷன் வழியே அனுப்பும்போது அந்த முகவரி சென்ட்மெயிலின் கட்டளை வரிக்குப் போகும். வேண்டுமென்றே விசித்திரமாக எழுதிய முகவரி ஒன்றைப் படிவத்தில் இட்டால், சர்வரில் கோப்பு எழுதவும் அதன் வழியாக நிரல் இயக்கவும் முடிந்தது. 5.2.18 அதை அடைத்தது. அந்த அடைப்பைச் சுற்றி வர வழி இருப்பது தெரிந்ததும் சில நாள்களிலேயே 5.2.20 வந்தது. லைப்ரரியை எழுதியவர்கள் வேகமாகச் செயல்பட்டார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எஸ்எம்டிபி வழியே, தங்கள் சொந்த முகவரியிலிருந்து அனுப்பியவர்களை அந்த ஓட்டை தொடவே இல்லை.

மெயில் போகவில்லை என்றால்

எஸ்எம்டிபிடீபக் என்ற அமைப்பு இந்த லைப்ரரியின் பெரிய பலம். 2 என்று வைத்தால் சர்வருக்கும் லைப்ரரிக்கும் நடந்த உரையாடல் முழுவதும் வரி வரியாகத் தெரியும். 3 வைத்தால் இணைப்பு உண்டாகும் கட்டமும் சேரும். 4 வரை போகலாம். ஆனால் 4இல் பாஸ்வேர்டும் வெளிப்படும். அதற்குக் கீழே உள்ள நிலைகளில் மறைத்தே காட்டும். உதவி கேட்டு எங்காவது ஒட்டப் போகிறீர்கள் என்றால் 2இல் எடுத்ததை ஒட்டுங்கள். நேரலைத் தளத்தில் இது 0 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அஜாக்ஸ் படிவத்துக்கு ஜேசனோடு இந்த உரையாடலும் கலந்து போய், மெயில் சென்றிருந்தும் திரையில் "பிழை" என்று காட்டும். நேரலையிலேயே பார்த்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் டீபக்அவுட்புட்டை எரர்லாகுக்குத் திருப்புங்கள்.

உரையாடல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். முதல் வரிகூட வராமல் இணைப்பு நின்றால் பாதை அடைபட்டிருக்கிறது. அமேசான் இசி2, கூகுள் கம்ப்யூட் எஞ்சின் இரண்டிலும் வெளியே போகும் 25ஆம் போர்ட் இயல்பாகவே மூடியிருக்கும். சில சேவைகள் 465, 587 ஆகியவற்றையும் மூடுகின்றன. பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் இது திறக்காது. மெயில் சேவைகள் சில 2525 போன்ற மாற்றுப் போர்ட்டைத் தருகின்றன. அல்லது எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பும் ஏபிஐக்குப் போக வேண்டும்.

சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றால், பிஎச்பி 5.6 முதல் எதிர்ப்பக்கச் சான்றிதழைக் கட்டாயம் சோதிக்கிறது என்பது காரணம். விண்டோஸில் சான்றிதழ் கட்டு அமைக்கப்படாமல் இருக்கலாம். பகிர்ந்த ஹோஸ்டிங்கில் இன்னொன்றும் நடக்கும். நீங்கள் கேட்டது ஒரு சர்வர், ஆனால் ஹோஸ்டிங்காரர் வெளிச்செல்லும் இணைப்பை இடைமறித்துத் தன் சொந்த மெயில் சர்வருக்குத் திருப்பியிருப்பார். பெயர் பொருந்தாமல் சோதனை தோற்கும். எஸ்எம்டிபிஆப்ஷன்ஸில் சோதனையை அணைத்துவிடும்படி சொல்லும் பதில்கள் இணையமெங்கும் கிடக்கின்றன. செய்யாதீர்கள். உங்கள் பாஸ்வேர்டை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுப்பதற்கு அது சமம்.

535 என்ற எண்ணோடு நின்றால் பெயர் அல்லது பாஸ்வேர்ட் ஏற்கப்படவில்லை. ஜிமெயில் கணக்கு வழியே அனுப்புபவர்களுக்கு இது மிகவும் பழக்கம். 2022 மே மாத இறுதியில் கூகுள் தனிநபர் கணக்குகளில் சாதாரணப் பாஸ்வேர்டால் நுழையும் வழியை நிறுத்திவிட்டது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி அதை இட வேண்டும். அல்லது எக்ஸ்ஓஆத்2 (பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கனால் நுழையும் முறை). அதை லைப்ரரி தாங்கும், ஆனால் தனியே ஓஆத் லைப்ரரி ஒன்றையும் சேர்த்து, கூகுள் பக்கம் செயலி பதிந்து, டோக்கன் வாங்கி எனச் சிறிய தளத்துக்கு அது பெரிய வேலை. இன்னும் இரண்டு விஷயங்கள்: ஜிமெயில் தனிநபர் கணக்கில் நாளொன்றுக்கு 500 மெயில்தான் வரம்பு, செட்ஃப்ரமில் வேறு முகவரி வைத்தாலும், அது அந்தக் கணக்கில் சரிபார்த்த மாற்று முகவரியாக இல்லாதவரை, ஜிமெயில் தன் முகவரியையே எழுதிக்கொள்ளும். கல்லூரிப் புராஜெக்ட்டுக்குச் சரி. கடைக்கு வேண்டாம்.

உரையாடல் 250 (ஏற்றுக்கொண்டேன் என்ற சர்வரின் பதில் எண்) வரை சுத்தமாகப் போய் முடிந்தும் பெட்டியில் கடிதம் இல்லையா? இங்கேதான் லைப்ரரியின் எல்லை முடிகிறது. சென்ட் ட்ரூ திருப்பியதற்குப் பொருள், அடுத்த சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே. இதன் பிறகு பார்க்க வேண்டியது டிஎன்எஸ். எஸ்பிஎஃப் பதிவு (டொமைனின் பெயரில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியல்) ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு மெயில் சேவை பயன்படுத்துகிறோம் என்று இரண்டு பதிவு எழுதினால் இரண்டும் செல்லாது. ஒரே பதிவுக்குள் சேர்க்க வேண்டும். அதற்குள் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது. கடிதம் டொமைனிடமிருந்தே வந்தது என்று காட்டும் டிகிம் கையெழுத்தை மெயில் சேவையே இடுவது வழக்கம். சொந்த சர்வர் என்றால் பிஎச்பி மெயிலரே இடும். டிகிம் டொமைன், செலக்டர், தனிச்சாவிக் கோப்பின் பாதை கொடுத்தால் போதும். தனிச்சாவிக் கோப்பைத் தளத்தின் பொதுக் கோப்புறைக்குள் வைத்துவிடாதீர்கள். டிமார்க்கை முதலில் நன் (none, நடவடிக்கை எதுவும் வேண்டாம்) என்று வைத்து அறிக்கைகளைப் பார்த்த பிறகு இறுக்கலாம்.

2024 பிப்ரவரி முதல் இவை நல்ல பழக்கம் என்ற நிலையிலிருந்து கட்டாயம் என்ற நிலைக்கு வந்துவிட்டன. ஜிமெயில் பெட்டிகளுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும். நாளுக்கு 5,000 கடிதத்தைத் தாண்டுபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும். விளம்பரக் கடிதம் என்றால் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் தலைப்பில் இருக்க வேண்டும். அந்தத் தலைப்பை ஆட்கஸ்டம்ஹெடர் வழியாகச் சேர்க்கலாம். அதை அழுத்தியவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பலருக்கு அனுப்பும்போது

ஒரு லூப்பில் நூறு பேருக்கு அனுப்பும் நிரலில், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கிளியர்அட்ரெஸஸை அழைக்க மறந்தால் நடப்பது இது: முதல் கடிதம் முதலாமவருக்கு. இரண்டாவது கடிதம் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும். நூறாவது கடிதம் நூறு பேருக்கும், எல்லோர் முகவரியும் எல்லோர் கண்ணிலும் படும்படி. ஒருவரின் ரசீது இன்னொருவருக்குப் போகும். கிளியர்அட்டாச்மென்ட்ஸை மறந்தால் அதே கதை இணைப்புகளுக்கும். இது சின்னப் பிழை அல்ல, வாடிக்கையாளரின் அந்தரங்கம். இந்த ஒரு வரியை நிரலில் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் நேரலைக்கு ஏற்றாதீர்கள்.

வேகத்துக்கு எஸ்எம்டிபிகீப்அலைவை ட்ரூ ஆக்குங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் புதிதாக இணைந்து, பூட்டி, உள்நுழையாமல் ஒரே இணைப்பில் அடுத்தடுத்துப் போகும். முடிந்ததும் எஸ்எம்டிபிகுளோஸ் அழைக்க வேண்டும்.

கடிதங்களை வரிசையில் வைத்துப் பிறகு அனுப்பும் வசதி இந்த லைப்ரரியில் இல்லை. பயனர் ஆர்டர் பொத்தானை அழுத்திய அதே பக்கத்திலேயே மெயிலும் அனுப்பினால், மெயில் சர்வர் தாமதித்த ஒவ்வொரு நொடியும் அவர் திரையில் சுற்றும். பொறுமை இழந்து மறுபடி அழுத்துவார்; இரண்டு ஆர்டர் விழும். தரவுத்தளத்தில் ஒரு அட்டவணை போதும்: பெறுநர், பொருள், உடல், நிலை, முயன்ற எண்ணிக்கை, அடுத்த முயற்சி நேரம். பக்கம் அதில் ஒரு வரி எழுதிவிட்டு நகரட்டும். நிமிடத்துக்கு ஒரு முறை கிரான் (குறித்த நேரத்தில் நிரலை இயக்கும் சர்வர் வசதி) வந்து எடுத்து அனுப்பட்டும். பிழை எண் 4இல் தொடங்கினால் தற்காலிகம். 5 நிமிடம், பிறகு 30 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டி மறுபடி முயலலாம். 5இல் தொடங்கினால் அதையே திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். இல்லாத முகவரிகளைத் தட்டிக்கொண்டே இருக்கும் சர்வரின் பெயர் கெடும். ஓடிபிக்கு மட்டும் முன்னுரிமை கொடுங்கள். 5 நிமிடத்தில் காலாவதியாகும் எண் 6ஆம் நிமிடம் வந்து பயனில்லை.

திரும்பி வரும் கடிதங்களைப் படிக்கவும் இது உதவாது. அவை சென்டர் என்ற அமைப்பில் உள்ள முகவரிக்கு வரும். எதுவும் கொடுக்காவிட்டால் செட்ஃப்ரமில் உள்ளதே. அந்தப் பெட்டி உண்மையில் இருக்கிறதா, யாராவது திறந்து பார்க்கிறார்களா என்று உறுதிசெய்யுங்கள்.

இணைப்புகளும் சோதனையும்

பிடிஎஃப் ரசீதை நினைவகத்திலேயே உருவாக்கினால் ஆட்ஸ்ட்ரிங்அட்டாச்மென்ட் போதும், வட்டில் கோப்பு எழுத வேண்டாம். ஆட்அட்டாச்மென்ட்டுக்குக் கொடுக்கும் பாதையைப் பயனர் தரும் உள்ளீட்டிலிருந்து ஒருபோதும் அமைக்காதீர்கள். சர்வரின் அமைப்புக் கோப்பையே தனக்கு மெயிலில் வரவழைத்துக்கொள்ள அது வழி. இணைப்பு பேஸ்64இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருக்கும். ஜிமெயிலின் 25 எம்பி வரம்பை மனத்தில் வைத்து 18 எம்பிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்புக்குத் தரவிறக்க முகவரி அனுப்புவதே நாகரிகம். கடை முத்திரை உடலுக்குள் தெரிய ஆட்எம்பெடட்இமேஜ் உண்டு.

எழுதும் காலத்தில் உண்மையான முகவரிகளுக்கு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை. மெயில்பிட் என்ற சிறு நிரலை உங்கள் கணினியில் ஓட்டி, ஹோஸ்டை லோக்கல்ஹோஸ்ட், போர்ட்டை 1025, எஸ்எம்டிபிஆத்தை ஃபால்ஸ் என்று மாற்றி, எஸ்எம்டிபிசெக்யூரை வெற்றாக விட்டால் எல்லாக் கடிதமும் அங்கேயே நிற்கும். உலாவியில் 8025ஐத் திறந்து எச்டிஎம்எல், வெற்று உரை, மூலத் தலைப்புகள் மூன்றையும் பார்க்கலாம். கேர்செட் சீட்டு சரியாக ஒட்டியிருக்கிறதா என்பதை மூலத்தில் ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம்.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் எழுதுபவர்களுக்கு இது தேவையில்லை. 9ஆம் பதிப்பு முதல் அதற்குள் சிம்ஃபோனி மெயிலர் இருக்கிறது. வரிசையும் வார்ப்புருவும் அதோடு இணைந்தே வருகின்றன. பழைய ஸ்விஃப்ட் மெயிலரில் இருப்பவர்கள் 2021 நவம்பரோடு அதன் பராமரிப்பு முடிந்ததால் சிம்ஃபோனி மெயிலருக்குப் போவதே இயல்பான பாதை. வேர்ட்பிரஸ் நீட்சி எழுதுபவர்கள் தனியாக ஒரு பிரதியைச் சேர்க்காமல், உள்ளே இருப்பதையே டபிள்யூபிமெயில் வழியாகப் பயன்படுத்த வேண்டும். கட்டமைப்பு எதுவும் இல்லாத வெறும் பிஎச்பி தளம், சிறு கடை, பள்ளி, சங்கம், பகிர்ந்த ஹோஸ்டிங் இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானதை நாங்கள் பார்க்கவில்லை.

ஏற்கெனவே தளம் ஓடிக்கொண்டிருப்பவர்கள் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். சர்வரின் கோப்புறைகளில் பிஎச்பிமெயிலர்ஆட்டோலோட் என்ற பெயரிலோ, கிளாஸ் என்று தொடங்கிப் புள்ளிக்குப் பின் பிஎச்பிமெயிலர் என்று வரும் பெயரிலோ கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது 5.2 வரிசை அல்லது அதற்கும் பழையது. பாதுகாப்புத் திருத்தம்கூட இப்போது அதற்கு வருவதில்லை. வாங்கிய வார்ப்புருக்கள், கைவிட்ட நீட்சிகள், "பழையது" என்று பெயர் மாற்றி வைத்த கோப்புறைகள் ஆகியவற்றையும் விடாமல் பாருங்கள். 6க்கு மாறும்போது மாற்ற வேண்டியது அதிகமில்லை: கோப்பின் மேலே பெயர்வெளிக்கான யூஸ் வரிகள், ஆட்டோலோட் பாதை, எக்ஸப்ஷன் கிளாஸின் புதிய பெயர். அனுப்பும் வரிகள் பெரும்பாலும் அப்படியே ஓடும். மாற்றிய பிறகு பழைய கோப்பைப் பெயர் மாற்றி வைக்காமல் அழித்துவிடுங்கள்.